இதய உறையில் தேங்கும் நீர்: ஒரு நோயறி வரலாறு

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு நீரின் இயல்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் வழி வரும் நீர் பயிரை வளர்க்கும். வடிகால் தூர்ந்துவிட்டால் அதே நீர் வயலில் தேங்கிப் பயிரை அழுகச் செய்யும். மனித இதயத்தைச் சூழ்ந்துள்ள உறைக்கும் இவ்விதி பொருந்தும். இரு படலங்களாலான அவ்வுறைக்குள் இயல்பாகவே 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் உண்டு. இதயம் உராய்வின்றித் துடிக்க அது துணை செய்கிறது. நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்று பரவி உறையைப் பற்றினாலோ, நெஞ்சின் நிணநீர்ப் பாதைகளை அடைத்தாலோ, அந்நீர் பெருகி இதயத்தையே நெருக்குகிறது. இதனை உயிருள்ள நோயாளியிடம் கண்டறிய மருத்துவ உலகிற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் விலங்குகளின் உடலை அறுத்துப் பார்த்து, இதய உறையில் நீர் மிகுந்திருப்பதைக் குறித்து வைத்தார். இதயம் பெரும் நோயைத் தாங்காது, நோய் அதனைத் தீண்டினால் மரணமே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அந்தச் சூழலில்தான் அந்தலூசியாவின் இஷ்பீலியா நகரத்து மருத்துவர் இப்னு ஸுஹ்ரின் எழுத்துச் சிறப்புப் பெறுகிறது. ஹிஜ்ரி 557இல் (கி.பி. 1162) மறைந்த அவர், தம் 'அத்தைஸீர்' என்னும் நூலில், இதய உறைக்குள் நீர் சேர்வதையும், உறையின்மேல் திண்மையான படிவுகள் அடுக்கடுக்காகத் தோன்றுவதையும் விவரித்தார். 1280இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் பயின்றனர். அவர் விவரித்த படிவுகள் புற்றுதான் என்று இன்று அடித்துக் கூற இயலாது. முன்னோர் பெருமை பேசும் ஆர்வத்தில் அவ்வாறு கூறுவது அவருக்கே இழைக்கும் அநீதியாகும். கேட்டதை மட்டும் நம்பாது, கண்டதையும் எழுதி வைத்தார் என்பதே அவருடைய பெருமை.

கண்டதை எழுதி வைக்கும் அதே ஒழுக்கத்தைத் தஞ்சையிலும் காண்கிறோம். 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலை நிறுவி, ஆயுர்வேதம், சித்தம், யூனானி, மேலை மருத்துவம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொணர்ந்தார். அங்குச் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஆனால் கண்ணை வெளியிலிருந்து பார்க்கலாம். நெஞ்சுக்குள் பார்க்க அன்று எவருக்கும் வழியில்லை. மன்னரின் சமகாலத்தவரான பிரெஞ்சு மருத்துவர் லெனெக் 1816இல்தான் நெஞ்சொலி கேட்கும் குழலை உருவாக்கினார்.

அதன்பின் அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தெளிவுபட்டன. மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி தளர்வதைக் குஸ்மால் 1873இல் விளக்கினார். இரத்த அழுத்தம் வீழ்தல், கழுத்து நரம்புகள் புடைத்தல், இதய ஒலி மங்குதல் ஆகிய மூன்றையும் 1935இல் கிளாட் பெக் ஒருசேரத் தொகுத்தார். 1953இல் சுவீடனின் எட்லரும் ஹெர்ட்ஸும் கேளா ஒலியலைகளால் இதயத்தை ஆராயத் தொடங்கினர். 1965இல் அமெரிக்க மருத்துவர் ஃபைகன்பாம் அதே முறையால் உறை நீரைக் கண்டறியும் வழியை வெளியிட்டார். இன்று 'எக்கோ' என நாம் அழைக்கும் சோதனை இதுவே.

நீரின் அளவைவிட அது சேரும் வேகமே முதன்மையானது. மெல்லச் சேர்ந்தால் உறை விரிந்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். விரைந்து சேர்ந்தால் 200 மில்லிலிட்டரே உயிரைப் பறிக்கலாம். புற்றால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இதயத்திலோ அதன் உறையிலோ புற்று பரவியிருந்ததைக் கண்டுள்ளனர். அவர்களுள் பலரிடம் வாழுங்காலத்தில் எந்த அறிகுறியும் தென்படவில்லை.

நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. இங்கு இதய உறையில் நீர் சேர்வதற்குக் காசநோய் பெருங்காரணம். ஆகவே எக்கோவில் நீர் தெரிந்தவுடன் காசநோய் என்றே முடிவு செய்துவிடும் வாய்ப்பு மிகுதி. நீர் இருப்பதை எக்கோ காட்டும். அது எதனால் வந்தது என்பதைப் பெரும்பாலும் அந்நீரே சொல்ல வேண்டும். ஊசி வழியாக எடுத்த நீரில் புற்றணுக்களைத் தேடுகின்றனர். காசநோயைச் சுட்டும் நொதியின் அளவையும் பார்க்கின்றனர். முதற்சோதனையில் புற்றணு தென்படாததாலேயே புற்று இல்லையென்று ஆகிவிடாது. ஐயம் நீடித்தால் மறுசோதனையும், உறையின் சிறு துண்டை எடுத்து ஆராய்வதும், சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களும் தேவைப்படும்.

புற்றுக்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, ஆண்டுகள் பல கழிந்த பின்னும், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் ஆறுதல் கிடைக்குமாயின், அதனை முதுமையின் தளர்ச்சி என ஒதுக்கலாகாது. பழைய நோயையும் பெற்ற சிகிச்சையையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். புற்று என்ற சொல்லை உச்சரிக்கவே கூசி, நோயாளியின் வரலாற்றைக் குடும்பத்தார் மூடி வைப்பது நம்மிடையே இன்றும் காணும் வழக்கம். இஷ்பீலியாவின் மருத்துவரும் தஞ்சையின் மன்னரும் நோயை எழுதி வைத்தார்கள். நம் வீட்டு நோயின் கதையை வாயால் சொல்லவாவது நாம் துணிய வேண்டும்.