பேஸ்கட்பால் ஜி.எம். விளையாட்டில் ஃபவுல்களும் தனி எறிகளும்

பேஸ்கட்பால் ஜி.எம். என்பது கூடைப்பந்து அணியொன்றின் பொது மேலாளராக இருந்து தனியாக ஆடும் கணினி விளையாட்டு ஆகும். இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஜெரமி ஷெஃப் என்னும் நிரலாளர். இது கட்டணமின்றி இணைய உலாவியிலேயே இயங்குகிறது. பயனர் பந்தைத் தொடுவதில்லை. வீரர்களைத் தேர்ந்தெடுத்தல், பரிமாற்றம் செய்தல், ஊதியம் பேசுதல், அணியின் வரிசையை அமைத்தல் ஆகியவையே அவர் பணிகள்; ஆட்டத்தைக் கணினி நடத்தி முடிக்கிறது. ஆட்டத்தில் யாருக்கு ஃபவுல் விழுகிறது, தனி எறி கூடையில் விழுகிறதா என்பனவற்றையும் நிரலே தீர்மானிக்கிறது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம் என்பதால் இவற்றை ஊகித்து அறிய வேண்டியதில்லை.

விதிகள்

இவ்விளையாட்டு இயல்பாக வட அமெரிக்காவின் என்.பி.ஏ. விதிகளைப் பின்பற்றுகிறது. திருச்சிராப்பள்ளியிலோ சென்னையிலோ கல்லூரித் திடலில் ஆடிப் பழகிய மாணவர் அறிந்தவை பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகள் ஆகும். அவற்றின்படி ஆட்டம் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டது. 5 ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். என்.பி.ஏ. ஆட்டத்தில் கால்பகுதி 12 நிமிடம். வெளியேற்றம் 6 ஆவது ஃபவுலில். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டிலும் 8 நிமிடத்திற்கு ஒரு ஃபவுல் என்னும் அளவே வருகிறது.

எறியும்போது தடுக்கப்பட்டவருக்கு 2 தனி எறிகளும், மூன்று புள்ளி எறியாயின் 3 தனி எறிகளும் கிடைக்கும். தடுக்கப்பட்டும் பந்து கூடையில் விழுந்தால் அப்புள்ளிகளுடன் கூடுதலாக ஒரு தனி எறி உண்டு. எறியாத நேரத்தில் நிகழும் ஃபவுல்களும் அணியின் கணக்கில் சேர்கின்றன. ஒரு கால்பகுதியின் 5 ஆவது ஃபவுல் முதல் எதிரணிக்கு போனஸாக 2 தனி எறிகள் கிடைக்கும். கூடுதல் நேரத்தில் இவ்வரம்பு 4. கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களில் இரண்டாவது ஃபவுலுக்கே போனஸ் உண்டு. இக்கடைசி விதி ஃபீபாவில் இல்லாததால், ஆட்ட வருணனையை முதன்முறை படிப்போர் பலரும் இங்கே குழம்புவர்.

ஃபவுல் நிகழும் விதம்

திரையில் காணும் ஆட்டத்தில் உடல்கள் மோதுவதில்லை, நடுவரும் இல்லை. ஒவ்வொரு தாக்குதலிலும் நிரல் ஒரு தற்போக்கு எண்ணை எடுத்து, அது குறித்த நிகழ்தகவுக்குள் அமைந்தால் ஃபவுல் என அறிவிக்கிறது. எனவே நடுவர் ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று குறை கூற இங்கு இடமில்லை.

எனினும் இது வெறும் பகடை ஆட்டம் அன்று. கூடையின் அருகில் எறியும்போது ஃபவுல் நிகழும் வாய்ப்பு, தொலைவிலிருந்து எறியும்போது உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. உயரம், வேகம், பந்தைத் தட்டிச் செல்லும் திறன், தாக்குதல் அறிவு ஆகியவை மிக்க வீரர் எதிரணியிடமிருந்து ஃபவுலை மிகுதியாகப் பெறுகிறார். தடுக்கும் பக்கத்தில், உயரம் மிகுந்தும் வேகமும் தடுப்பறிவும் குறைந்தும் உள்ளவரே அதிகம் ஃபவுல் செய்கிறார்.

இதனால் உயரத்தை மட்டுமே கண்டு வாங்கிய சென்டர் வீரர் அணிக்கு இருமுறை இழப்பை உண்டாக்குகிறார். எதிரணியைத் தனி எறிக்கு அனுப்புவது ஒன்று. தாமே இருக்கைக்குத் திரும்புவது மற்றொன்று. முதற்பாதியிலேயே ஃபவுல்களைக் குவித்தவரை நிரல் மாற்றாட்டக்காரரால் ஈடு செய்து, பிற்பகுதிக்காகக் காத்து வைக்கிறது. ஆட்டத்தின் நடுவே பயனர் கட்டளையிட வழியில்லை. ஆகவே இக்குறையை ஒப்பந்தம் செய்யும்போதே காண வேண்டும். நல்ல மாற்று சென்டர் ஒருவரை வைத்திருத்தலும் உதவும்.

தனி எறி

ஆட்டத்தின் பிற எறிகளில் தடுப்பவரின் திறனும் கணக்கில் வரும். தனி எறியில் எறிபவர் மட்டுமே உண்டு. அவரது தனி எறி மதிப்பெண்ணை (0 முதல் 100 வரை) 0.6 ஆல் பெருக்கி 45 ஐக் கூட்டினால் வெற்றி விழுக்காடு கிடைக்கும், உச்சவரம்பு 95. மதிப்பெண் 25 எனில் 60 விழுக்காடு, 50 எனில் 75, 75 எனில் 90. ஏறத்தாழ 84 ஐத் தாண்டிய மதிப்பெண்ணால் தனி எறியில் மேலும் பயனில்லை.

நேர் விகிதமான இச்சூத்திரம் எளிமையானது. அதன் விளைவோ கவனிக்கத்தக்கது. 75 விழுக்காட்டினருக்கு 2 எறிகள் கொடுத்தால் சராசரியாக 1.5 புள்ளிகள் போகும். என்.பி.ஏ. அணிகள் அண்மைப் பருவங்களில் ஒரு தாக்குதலுக்கு 1.1 புள்ளிக்குச் சற்று மேல் எடுக்கின்றன. ஆகவே 55 விழுக்காட்டிற்கு மேல் எறியும் எவரையும் ஃபவுல் செய்வது பொதுவாக நட்டமே. இந்த 55 விழுக்காடு, சூத்திரத்தின்படி ஏறத்தாழ 17 மதிப்பெண்ணுக்கு ஒப்பாகும். மெய்யான ஆட்டத்தில் ஷகீல் ஓ'நீல் தம் ஆட்டக்காலம் முழுவதும் 52.7 விழுக்காடே எறிந்தார். எதிரணிகள் அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்ததற்கு இக்கணக்கே காரணம்.

வேண்டுமென்றே செய்யும் ஃபவுல்

ஆட்டம் முடியும் தறுவாயில் பின்தங்கிய அணிக்கு மேற்கண்ட கணக்கு மாறிவிடுகிறது. அப்போது புள்ளியைவிட நேரமே அரிது. ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும், பந்தும் திரும்பக் கிடைக்கும். நிரல் இதனைத் தானே செய்கிறது. முன்னிலையில் உள்ள அணியில் தனி எறி மதிப்பெண் உயர்ந்தோர் இருப்பின் வெற்றி காக்கப்படும்.

அமைப்புகள்

ஃபவுல் விகிதம், வெளியேற்ற வரம்பு, போனஸ் வரம்பு ஆகியவற்றை லீக் அமைப்புகளில் மாற்றலாம். ஃபீபா முறையை ஒட்டி ஆட விரும்புவோர் கால்பகுதியை 10 நிமிடமாகக் குறைத்தால் வெளியேற்ற வரம்பையும் 5 ஆக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் 8 நிமிடத்திற்கு ஒன்று என்னும் அளவு குலைந்துவிடும். வெளியேற்ற வரம்பை 0 என இட்டால் எத்தனை ஃபவுல் செய்தாலும் எவரும் வெளியேற்றப்படுவதில்லை.