வாயுவில் பிறந்த எந்திரம்

2003 ஆகஸ்ட் 14ஆம் நாள் பிற்பகல், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தனர். ரொறன்ரோ மாநகரும் இருண்டது. 1990இலிருந்து ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு அவ்விருள் புதிதன்று. எனினும் அதன் பின்னர் எம்மவர் வீடுகள் சிலவற்றில் மின்பிறப்பாக்கி இடம்பிடித்தது. பெற்றோலைச் சேமித்து வைப்பது தொல்லை. வீட்டிலுள்ள சமையல் வாயுவிலேயே அதனை ஓட்டலாகாதா என்ற கேள்வியும் எழுந்தது.

கேள்வி புதுமையானதாகத் தோன்றலாம். ஆனால் இவ்வகை எந்திரம் பிறந்ததே வாயுவில்தான். 1860இல் பாரிஸ் நகரில் லெனுவார் இயக்கிக் காட்டிய எந்திரம், தெருவிளக்குகளுக்குக் குழாய்வழி வந்த நிலக்கரி வாயுவையே உண்டது. 1876இல் ஜெர்மனியில் ஒட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எந்திரமும் அவ்வாறே. பெற்றோல் அக்காலத்தில் விளக்கெண்ணெய் வடிக்கையில் மிஞ்சிய பொருள். கறை நீக்க உதவியது. குழாயோடு கட்டுண்ட எந்திரம் தெருவில் ஓட மாட்டாது என்பதனாலேயே, 1880களில் டைம்லரும் மைபாக்கும் பெற்றோலை நாடினர்.

தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் எந்திரத்தின் உணவு மாறியிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய வாகனங்கள் இம்பேர் என்பவர் அமைத்த உலைகளைச் சுமந்து, விறகு வாயுவில் ஓடின. பொருளாதாரத் தடைக்குள் நாம் மண்ணெண்ணெயை ஊற்றினோம். குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்துச் சூடேறிய பின்னரே மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் எந்திர எண்ணெயில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்ததையும், முக்கி முனகி அது புகை கக்கியதையும் யார் மறப்பர்?

சமையல் வாயு இதற்கு நேர்மாறானது. முன்னரே ஆவி நிலையில் இருப்பதால் காற்றுடன் எளிதிற் கலக்கும், எண்ணெயையும் கெடுக்காது. வலு மட்டும் ஓரளவு குறையும். ஆயின் கலவையின் அளவு முக்கியம். ஒரு பங்கு புறொப்பேனுக்கு ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கோ ஏறத்தாழ 10 பங்கு போதும். ஒன்றுக்கு அமைத்த துளை மற்றதற்குப் பொருந்தாது. எந்திரம் உறிஞ்சும்போது மட்டும் திறந்து, நின்றவுடன் மூடிக்கொள்ளும் அமுக்கச் சீராக்கியும் அவசியம். அஃதின்றிச் சிலிண்டரிலிருந்து நேரே குழாய் பொருத்தினால், எந்திரம் நின்ற பின்னரும் வாயு கசியும். புறொப்பேன் காற்றிலும் பாரமானது. தாழ்ந்த இடத்திலே தேங்கும். எம்மவர் பலர் குடியிருப்பதோ நிலக்கீழ் அறைகளில். எனவே மாற்றும் வேலையை உரிமம் பெற்ற வாயுத் தொழிலாளரிடம் விடுவதே தக்கது என்போம்.

2013 டிசம்பர் உறைமழையில் மின்சாரம் அறுந்த வேளை, மின்பிறப்பாக்கியின் நச்சுப்புகை ஒன்ராறியோவில் உயிர்களைக் குடித்தது. தூய எரிபொருள் என எண்ணி வாகனக் கொட்டிலில் வைத்து இயக்குவோர் உளர். வாயுவில் ஓடினும் காபன் மொனொக்சைட்டு உண்டாகும்; அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஊரில் எந்திரம் கிணற்றடியில், திறந்த வெளியிலே நின்றது. அதன் புகையும் கண்ணைக் கரித்து எம்மை விலகி நிற்கச் செய்தது.