முடிச்சுப் போட்டவர் யார்?

உவரி அந்தோணியார் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கமாக வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்றில் காலரா. பிழைப்போமா மாட்டோமா என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, கப்பலில் இருந்த தச்சர் ஒரு மரத்துண்டை எடுத்து அந்தோணியார் சுரூபத்தைச் செதுக்கினாராம். நோய் விலகியது. கப்பல் உவரியில் ஒதுங்கியபோது, சுரூபத்தைக் கரையில் இறக்கி ஒரு குடிசையில் வைத்துவிட்டுப் போனார்களாம். ஆக, போர்ச்சுக்கீசியர்கள் உவரிக்கு ஒரு சிற்பம் கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு.

பதிலுக்கு நம் தமிழ்நாட்டுக் கடற்கரையும் போர்ச்சுகலுக்கு ஒரு சிற்பத்தைக் கொடுத்திருக்கிறது. இது கதையல்ல, 2005-ல் நடந்தது. அந்தச் சிற்பம் மரமும் இல்லை, கல்லும் இல்லை. வலை!

ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உவரிக் கடற்கரையில் ஒரு சாயங்காலம். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் நடந்து வந்தால், ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஊசி உள்ளே போகிறது, வெளியே வருகிறது, ஒரு முடிச்சு. கண் சிமிட்டுவதற்குள் அடுத்தது.

"எதுக்குத் தம்பி இப்படி உத்துப் பார்க்கிய?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி... இதுல எத்தனை முடிச்சு இருக்கும்?"

"எண்ணிப் பார்த்தவன் எவன் இருக்கான்?" என்று சிரித்தார். "எங்கப்பா காலத்துல நூல் வலை. வீட்டுல பொம்பளைங்களும் பின்னுவாவ. இப்பம் எல்லாம் மிஷின் வலை. கிழிஞ்சா மட்டும்தான் கைவேலை."

அவர் சொன்ன 'நூல் வலை' பருத்தி வலை. நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூலும் சணலும்தான் மீனவர்களின் முதலீடு. பருத்தி உப்புத் தண்ணீரில் கிடந்தால் அழுகிவிடும். அதனால் மரப்பட்டையை வேகவைத்து எடுத்த சாயத்தில் வலையை முக்கி, தவறாமல் வெயிலில் உலர்த்த வேண்டும். 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலானைக் கண்டுபிடித்தது. 1950-களுக்குப் பிறகு அது நம் கரைகளுக்கும் வர, அந்தச் சாயப் பானைகள் காணாமல் போயின. பின்னால் மிஷின் வந்தது. பின்னும் கைகளுக்கும் வேலை குறைந்தது.

முடிச்சு மட்டும் மாறவில்லை. தறியில் அறுந்த இழையை ஒட்டுவதற்கு நெசவாளர் போடும் முடிச்சும், வலைக்கண்ணுக்கு மீனவர் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றேதான்! புடவையும் வலையும் ஒரு வகையில் பங்காளிகள்.

சரி, சிற்பத்துக்கு வருவோம்.

1997. இதே கடலோரத்தில் வடக்கே, மாமல்லபுரம். ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கப் பெண் ஓவியர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்திருந்தார். இங்கே ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஏற்பாடு. கப்பலில் அனுப்பிய வர்ணங்கள் மட்டும் வந்து சேரவில்லை. கண்காட்சித் தேதி நெருங்குகிறது. சிற்பிகளின் ஊரில் இருக்கிறோமே, சிற்பம் செய்து பார்ப்போம் என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். பெரிதாகச் செய்யலாம் என்றால் எடையும் எகிறியது, செலவும் எகிறியது. (பி.காம். படித்த எனக்கு அந்த வயிற்றெரிச்சல் நன்றாகப் புரிகிறது. வெண்கலத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் பில் உண்டு!)

ஒருநாள் மாலை கடற்கரையில் நடந்தபோது, மீனவர்கள் வலைகளைச் சுருட்டி மணலில் குவிப்பதைப் பார்த்தார். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் பொறி தட்டியது. இவ்வளவு பெரிய குவியல், ஆனால் ஆள் தூக்கிவிடுகிற எடை. இதையே சிற்பமாக்கினால்?

மீனவர்களோடு உட்கார்ந்து முதல் வலைச் சிற்பத்தைச் செய்தார். தன்னையே கிண்டல் செய்துகொள்கிற மாதிரி அகன்ற இடுப்புள்ள ஓர் உருவம். கம்பங்களில் ஏற்றிக் கட்டியதும் காற்றில் அது உப்பியது, நெளிந்தது, திரும்பியது. 7-ம் நூற்றாண்டிலிருந்து கல்லில் உளி பேசிக்கொண்டிருக்கும் ஊரில், நிமிஷத்துக்கு நிமிஷம் வடிவம் மாறும் ஒரு சிற்பம்!

நூலிலும் நாரிலும் சிற்பம் செய்தவர்களில் எக்கல்மன் முதல் ஆள் இல்லை. 1960-களிலேயே போலந்தில் மக்தலேனா அபகனோவிச், துறைமுகங்களில் கழித்துப்போட்ட பழைய கயிறுகளைப் பொறுக்கி வந்து, பிரித்து, சாயமேற்றி, ஆளைவிடப் பெரிய உருவங்களை நெய்து தொங்கவிட்டார்.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். மிருணாளினி முகர்ஜி, பிறந்தது 1949-ல். சாந்திநிகேதனின் புகழ்பெற்ற ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் மகள். பரோடாவில் அவருக்கு ஆசிரியர் கே.ஜி.சுப்ரமணியன், கைத்தறி வாரியத்தில் டிசைன் ஆலோசகராக இருந்தவர். கலை வேறு, கைவேலை வேறு என்று பிரிக்காத மனிதர். 1970-களில் மிருணாளினி சணல் கயிற்றைக் கையில் எடுத்தார். தறி கிடையாது, முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. முடிச்சு, முடிச்சு, மேலும் முடிச்சு. ஒரு சிற்பம் முடிய மாதக்கணக்கில் ஆகும். தேவி, யட்சி, ருத்ரா, வனஸ்ரீ என்று பெயர் வைத்தார். பாதி தெய்வம், பாதி செடி மாதிரி நிற்கும் உருவங்கள்.

'இது சிற்பமா, கைவினைப் பொருளா?' என்ற கேள்வி விடாமல் துரத்தியது. கல்லில் செய்தால் கலை, கயிற்றில் செய்தால் பொழுதுபோக்கு என்பது பலருடைய கணக்கு. 2015 ஜனவரி இறுதியில் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கியது. சில நாட்களிலேயே அவர் காலமானார். 2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எக்கல்மனுக்கு நேரம் வேறு மாதிரி அமைந்தது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரையொட்டிய கடற்கரையில் ஒரு நிரந்தரச் சிற்பம் வேண்டும் என்று கேட்டார்கள். மீன்பிடித் தொழில் செழித்த இடம். ஆனால் நிரந்தரம் என்றால் சும்மாவா? வெயில், உப்புக்காற்று, புயல். நைலான் வெயிலில் நாளாக நாளாக இற்றுவிடும். தாங்கக்கூடிய இழையைத் தேடி அலைந்து, கடைசியில் டெஃப்ளான் குடும்பத்து இழையைப் பிடித்தார். (நம் வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த வகை.) பந்தயப் படகுகளுக்குப் பாய் வடிவமைக்கிற பொறியாளர் ஒருவர், காற்றடித்தாலும் உருக்குலையாமல் வலை ஆடும் வித்தைக்கு உதவினார். 2005-ல், 20 டன் இரும்பு வளையத்திலிருந்து அந்தப் பெரிய வலை தொங்கியது. அவர் வைத்த பெயர் 'ஷி சேஞ்சஸ்'. உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் 'அனேமோனா', அதாவது கடல் சாமந்தி.

அதற்குப் பிறகு ஊர் ஊராக வலைகள். 2015-ல் பாஸ்டன் நகரத் தெருக்களின் மேலே தொங்கிய வலையில் 160 கிலோமீட்டருக்கும் மேல் கயிறு, 5 லட்சத்துக்கும் மேல் முடிச்சுகள். மொத்த எடை சுமார் ஒரு டன்தான்!

இந்தக் கதையை அண்ணாச்சியிடம் சொல்லி, செல்போனில் போர்ட்டோ வலையின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். அழகா, இல்லையா என்றெல்லாம் பேசவில்லை.

"மொதல்ல அந்தம்மாகூட உக்காந்து பின்னுனது யாரு?"

"மாமல்லபுரத்து மீனவங்க அண்ணாச்சி."

"அதான் தம்பி, யாரு? அவங்களுக்குப் பேரு கெடையாதா?"

என்னிடம் பதில் இல்லை. எக்கல்மன் எதையும் மறைத்தவர் இல்லை. உலகம் முழுக்கப் பிரபலமான 2011-ம் வருஷத்துப் பேச்சில், மீனவர்களோடு சேர்ந்து செய்தேன் என்று அவரே சொல்கிறார். ஆனால் அந்தக் கதையில் அவர்கள் வெறும் 'மீனவர்கள்'. போர்ச்சுக்கீசியக் கப்பலின் தச்சர் வெறும் 'தச்சர்' ஆன மாதிரி. தச்சரைத் தேட இனி வழியில்லை. 1997-ல் முப்பது வயதில் இருந்த ஒரு மாமல்லபுரத்து மீனவரை இன்றைக்கும் தேட முடியும். போய், பெயர் கேட்டு எழுதி வைக்கலாம். பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், ஒரு பஸ் டிக்கெட் போதும்.

இதையெல்லாம் யோசித்தபடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் பேசியும், அண்ணாச்சியின் பெயரை நானும் கேட்கவில்லை.

வந்த வழியே திரும்பி நடந்தேன்.