முதல் கோப்பையைக் கொடுத்தது யார்?

சாவித்திரி இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால், 'பாசமலர்' பற்றிப் பேசி முடிப்பதற்குள் குடி வந்துவிடுகிறது. எப்போது தொடங்கினார், எவ்வளவு குடித்தார், கடைசியில் எப்படி ஆகிப்போனார்? என் மாணவிகளும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 'பிராப்தம்' அவர் இயக்கிய படம் என்றால் வியக்கிறார்கள்.

1980இல் நினைவிழந்த சாவித்திரி ஏறத்தாழ 19 மாதங்கள் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று சென்னையில் இறந்தார். அவருக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. ஆனால் இந்தச் சாவை நோயாகப் பேசுபவர்கள் குறைவு. தண்டனையாகப் பேசுபவர்களே அதிகம். எலும்பும் தோலுமாக அவர் படுக்கையில் கிடக்கும் புகைப்படம் இப்போதும் கைபேசிகளில் சுற்றுகிறது. படமெடுக்கச் சம்மதிக்கவோ மறுக்கவோ முடியாத நிலையில் இருந்த ஒரு பெண்ணின் உடல் அது. அதைப் பகிர்கிறவர்கள் கூடவே ஒரு புத்திமதியையும் அனுப்புகிறார்கள்.

அவருக்குச் சரியாக 70 நாள் முன்பு, அக்டோபர் 17 அன்று, கண்ணதாசன் சிகாகோவில் இறந்தார். தன் குடியைப் பற்றி அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நாமும் அதை அனுபவம் என்றும் கவிஞனின் நேர்மை என்றும் ஏற்றுக்கொண்டோம். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். என் கேள்வி வேறு. தன் குடியைத் தானே சொல்லி, அதற்குத் தானே பொருளும் தரும் உரிமை கவிஞருக்கு இருந்தது. சாவித்திரியின் குடியைப் பற்றிச் சொன்னவர்கள் எல்லாரும் மற்றவர்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1953இல் வந்த 'தேவதாஸ்' படத்தில் பார்வதியாக நடித்தவர் சாவித்திரி. காதலுக்காகக் குடித்தே சாகும் நாகேஸ்வர ராவைப் பார்த்துத் தமிழகமும் ஆந்திரமும் அழுதன. ஆண் குடித்துச் செத்தால் காவியம் என்று பழகிய அதே ரசிகர்கள், அந்தப் பார்வதி நிஜத்தில் குடித்தபோது முகம் சுளித்தார்கள்.

2018இல் 'நடிகையர் திலகம்' வந்தது. கீர்த்தி சுரேஷ் நன்றாகவே நடித்திருந்தார். தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் படத்தை ஒட்டி எழுந்த சண்டை எதைப் பற்றி? சாவித்திரிக்குக் குடியைப் பழக்கியவர் ஜெமினி கணேசன் என்று படம் காட்டியது. ஜெமினியின் மகள் ஒருவர் அதை வெளிப்படையாக மறுத்தார். முதல் கோப்பையைக் கொடுத்த கை யாருடையது என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியது. இரண்டு தரப்பிலும் சாவித்திரி கோப்பையை வாங்கிக்கொண்டவர் மட்டுமே. ஏற்கெனவே மணமான ஒருவரை மணந்த பெண், புகழின் உச்சியில் இருந்தபோதே குடும்பத்தில் எவ்வளவு தனிமைப்பட்டிருப்பார் என்று அந்தப் பட்டிமன்றத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

பணத்தை இழந்த கதையும் இப்படித்தான். சொந்தப் படமெடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஆண்களைக் கலைக்காகச் சொத்தை இழந்தவர்கள் என்கிறோம். சாவித்திரி என்றால் ஏமாளி, ஊதாரி.

'மூக மனசுலு' தெலுங்கில் 1964இல் வெற்றிபெற்ற படம், நாயகி அவரே. அதைத் தமிழில் 'பிராப்தம்' என்று சிவாஜி கணேசனுடன் தானே தயாரித்து, இயக்கி, நடித்தார். 1971இல் வந்து தோற்றது. அதற்கு முன்பே 1968இல் தெலுங்கில் 'சின்னாரி பாபலு', அடுத்த ஆண்டு தமிழில் 'குழந்தை உள்ளம்' என்று இயக்கியிருந்தார். 'சின்னாரி பாபலு'வுக்கு இசை பி. லீலா. ஒரு பெண் இயக்கி, இன்னொரு பெண் இசையமைத்த படம், அதுவும் 1968இல்! அந்தப் படப்பிடிப்பில் அவர் எப்படி வேலை வாங்கினார், பணம் போட்டவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள், கேமராவுக்குப் பின்னால் நின்ற அவர் பேச்சை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை? இதைச் சொல்லக்கூடியவர்கள் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கலாம். அவர்களிடம் போகிறவர்கள் கேட்பதும் குடியைப் பற்றித்தான்.