தீவுத்திடலில் எழுந்த இரட்டை இறக்கை விமானம்

போலகம் உள்ளிட்ட காரைக்கால் பகுதி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆயினும், பிரான்ஸ் உலகுக்கு அளித்த தொடக்ககாலப் பயணிகள் விமானங்கள் இப்பகுதி மக்களுக்கு எட்டவில்லை. சைகோனுக்கும் மார்செய்லுக்கும் சென்றவர்கள் கப்பலையே நம்பியிருந்தனர். ஆனால், அவ்விமானங்களுக்கு முன்பே சென்னையில் கட்டப்பட்ட விமானம் ஒன்று பயணி ஒருவரைச் சுமந்து பறந்தது என்பதைப் பலர் அறியார்.

அதை வடிவமைத்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். பிரான்ஸுக்கு உட்பட்ட கோர்சிகாத் தீவினரான அவர், மவுண்ட் ரோட்டில் தங்கும் விடுதி நடத்திவந்தார். லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தது 1909 ஜூலையில். 1910 மார்ச்சில் டி ஏஞ்சலிஸின் விமானம் சென்னையில் பறந்தது. கட்டிக்கொடுத்தது சிம்சன் நிறுவனம். 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகள் கட்டிவந்த அப்பட்டறை, 1903-இல் நீராவிக் காரையும் உருவாக்கியிருந்தது. பல்லாவரத்தில் சோதித்தபின், தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் விமானம் எழுந்தது. கூட்டத்திலிருந்த ஒருவரையும் டி ஏஞ்சலிஸ் ஏற்றிச் சென்றார்.

இரட்டை இறக்கை அக்காலத்தின் தேவை. எஞ்சின்களின் ஆற்றல் குறைவு; எனவே, எடையைத் தூக்க இறக்கைப் பரப்பு மிகுதியாக வேண்டும். மரமும் துணியும் கொண்ட நீண்ட ஒற்றை இறக்கை எளிதில் முறிந்துவிடும். இரு இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, மரக்கால்களாலும் இழுகம்பிகளாலும் பிணைத்தால், பாலச் சட்டகம் போன்ற உறுதி கிடைக்கும். அக்கால்களும் கம்பிகளும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன என்பதே அதற்குக் கொடுத்த விலை.

இதே அமைப்பைப் பிரான்ஸின் ஃபார்மன் நிறுவனம் பெரிதாக்கியது. குண்டுவீச்சுக்காக 1918-இல் வடிவமைக்கப்பட்ட அதன் 'கோலியாத்', போர் முடிந்ததும் பயணிகள் விமானமாயிற்று. இறக்கை நீளம் 26.5 மீட்டர், எஞ்சின்கள் இரண்டு. பெட்டி போன்ற உடலில் முன்னும் பின்னும் இரு அறைகள். பன்னிரண்டு பேர் வரை அமரலாம். இடையே திறந்த இருக்கையில் விமானி அமர்ந்தார். 1919 பிப்ரவரி 8 அன்று அது பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பயணிகளுடன் பறந்தது. சுமார் அறுபது கோலியாத்துகள் கட்டப்பட்டு, ஐரோப்பிய நகரங்களிடையே சேவையில் ஈடுபட்டன.

சென்னை முயற்சியோ தொழிலாக வளராமல் காட்சியோடு நின்றது. கைத்திறனும் துணிவும் இருந்தும் தொடர்ச்சி இல்லாததே வேறுபாடு. 1911-இல் பிரெஞ்சு விமானி ஆன்ரி பெக்கே அலகாபாத்திலிருந்து நைனிக்கு அஞ்சல் கொண்டு சென்றதை, 1961-இல் நாடு அஞ்சல் தலை வெளியிட்டு நினைவுகூர்ந்தது. அதற்கு ஓராண்டு முந்திய தீவுத்திடல் பறப்பும் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டும். வண்டிப் பட்டறையில் விமானம் பிறந்த வரலாறு, காரைக்காலிலும் சென்னையிலும் இன்று பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு ஊக்கமாகவும் எச்சரிக்கையாகவும் அமையும்.