தோல் கழிவுநீர்: நுண்ணுயிர்களால் முடிவதும் முடியாததும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தின் பல குடும்பங்களுக்குத் தோல் தொழில்தான் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவுநீர்தான் அங்குள்ள கிணறுகளையும் பாலாற்றையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பீட்டையும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று எப்படி இயங்குகின்றன என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் முடி, சதைத் துணுக்குகள் வடிகட்டப்படுகின்றன. குரோமியம் கலந்த நீரைத் தனியே பிரித்து, குரோமியத்தை மீட்டெடுக்க வேண்டும். அது நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. மீதி நீர் காற்றூட்டும் தொட்டிக்குச் செல்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் கொண்டு, நீரில் கரைந்துள்ள புரதம், கொழுப்பு போன்றவற்றை உணவாக்கிக் கொள்கின்றன. பிறகு அவை திரளாகச் சேர்ந்து அடுத்த தொட்டியின் அடியில் படிகின்றன. அந்தச் சேற்றில் ஒரு பகுதியை மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவார்கள். இந்த முறையை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிமுகப்படுத்தினர். மின்சாரச் செலவை மிச்சப்படுத்தக் காற்றூதியை நிறுத்தினால் பாக்டீரியாக்கள் மூச்சுமுட்டிச் சாகும், துர்நாற்றம் திரும்பும்.

உளூச் செய்யும் தண்ணீரின் நிறம், மணம், சுவை மூன்றையும் கவனிக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். நுண்ணுயிர்கள் நாற்றத்தைப் பெருமளவு போக்கும். நிறத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் சுவையைக் கெடுக்கும் உப்பை அவற்றால் தின்ன முடியாது. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து கடைசி வரை வருகிறது. வெளியேறும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால்தான் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவைப்படுகின்றன. இரண்டுமே செலவு மிகுந்தவை.

தோலை ஊறவைக்கும் முன்பே உப்பை உதறி எடுத்துவிடுவது மலிவான வழி. தண்ணீரில் கரைந்த பிறகு உப்பைப் பிரிப்பது பெரும்பாடு. முதலாளியும் மேஸ்திரியும் இந்த ஒன்றைக் கண்டிப்பாகக் கவனித்தாலே, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குச் செய்யும் பெரிய உபகாரம் அது.