விதைத்தவரும் அறுத்தவரும்

பாவத்திற்குரிய தண்டனை அச்செயலின் உள்ளிருந்தே முளைக்கிறது என்பது கிறிஸ்தவ போதனை. ஊவாவின் வரலாறு இதனை மெய்ப்பிக்கின்றதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் துரைமார் காடழித்து, மலைச்சரிவெங்கும் கோப்பி ஒன்றையே நட்டனர். 1869இல் இலைநோய் தோன்றியது. ஒற்றைப் பயிராதலின் தடையின்றிப் பரவிக் கோப்பியை வீழ்த்தியது. விதைத்தது விளைந்தது. ஆயினும் துரைமாரிற் சிலர் தேயிலைக்கு மாறிப் பிழைத்தனர். ஹாலிஎலத் தோட்டங்களிலும் பழைய லயன் வாழ்க்கையே தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மீரியபெத்தவில் அபாயம் 2005இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. மக்கள் இடம் மாற்றப்படவில்லை. 2014 அக்டோபர் 29இல் மண்சரிவு அவர்தம் லயன்களைப் புதைத்தது.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987இல் 'பாவக் கட்டமைப்புகள்' எனச் சுட்டியது இத்தகையவற்றையே. அவற்றைத் தகர்க்காத மனந்திரும்புதல் முழுமையாகாது என்போம்.